துண்டுக்கடியில் கடைசிப் பாட்டு

போடிக் கடைவீதியில் பாட்டு என்றால் தவசிதான். இதை முதலில் சொன்னது யாரென்று தெரியாது, தவசியாகவும் இருக்கலாம். ஏலக்காய்த் தரகு அவனுக்குத் தொழில். மலையிலிருந்து மூட்டை இறங்கும் நாள்களில் மண்டி மண்டியாக ஏறி இறங்கி, விற்கிறவனையும் வாங்குகிறவனையும் சேர்த்து வைப்பான். சாயங்காலம் காலிச் சாக்குகளில் சாய்ந்துகொண்டு நாலு தெம்மாங்கு பாடுவான். வியாபாரிகள் தலையாட்டுவார்கள். சரக்கு தேங்கிக் கிடக்கிற நாளில் கொஞ்சம் குறைவாக ஆட்டுவார்கள்; அவ்வளவுதான் வித்தியாசம்.

முப்பத்தாறாம் வருஷம் அறுவடை முடிந்திருந்த சமயம், மண்டிக்காரர் சின்னக்கருப்பு மதுரைக்குப் போய் ஒரு சபாவில் கச்சேரி கேட்டுவிட்டு வந்தார். முன்வரிசையில் நாற்காலி கொடுத்தார்களாம். பாட்டில் பாதி தெலுங்கு. மீதிப் பாதியும் அவருக்குத் தெலுங்காகத்தான் இருந்திருக்கிறது. சரக்கு உசத்திதான், ஆனால் நமக்கு அளவு பொருந்தவில்லை என்று ரயிலை விட்டு இறங்கும்போதே சொல்லிவிட்டார். நம் களத்துமேட்டில் பாடுகிற பாட்டுக்கு ஏன் ஒரு மேடையும் நாற்காலியும் இருக்கக் கூடாது என்று கேட்டார். கடைவீதியில் அவர் கேள்வி கேட்டால் அது உத்தரவு. ரயிலடிக்கு மேற்கே இருந்த புளியந்தோப்பில் மூன்று நாள் நாடோடிப் பாட்டு விழா என்று முடிவாயிற்று. கம்பம், ஆண்டிபட்டி, வருசநாடு மூன்று பக்கத்திலிருந்தும் பாட்டுக் கோஷ்டிகளுக்கு வெற்றிலை பாக்கு போயிற்று.

விழாவுக்குத் தொண்டர்கள் வேண்டுமே. ஆண்களுக்குப் பச்சை நாடா, பெண்களுக்கு மஞ்சள் நாடா. நாடாவைக் குத்திக்கொண்டால் முன்னால் உட்கார்ந்து பாட்டுக் கேட்கலாம் என்று வந்தவர்களுக்கு, தொண்டர் என்றால் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறவர் என்பது முதல் நாளே தெரிந்துபோயிற்று. தவசிக்கு வாசல். தோப்பின் நுழைவில் ஒரு கயிற்றைக் கட்டி, வருகிற வண்டிகளை ஒழுங்குபடுத்தி விடுகிற வேலை. அவன் மனைவி அன்னத்தாய்க்குப் பெண்கள் பக்கம் பாய் விரித்து இடம் பிரித்துக் கொடுக்கிற வேலை. தண்ணீருக்குப் பங்கிராஸ்.

பங்கிராஸ் இராயப்பன்பட்டிக்காரன். சொந்தத்தில் மூன்று பார வண்டி வைத்துக் கம்பத்துக்கும் போடிக்குமாகச் சரக்கு ஏற்றுகிறவன். ஊர் மாதா கோவிலில் ஏசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கு நாடகம் போட்டால் பாடுகிற வேஷம் அவனுக்கு என்று கேள்வி. முப்பது வயது, நல்ல உயரம், யாரைக் கண்டாலும் உடனே சிரித்துவிடுகிற முகம். வியாபாரத்துக்கு ஆகாத முகம். வண்டியில் பீப்பாய் ஏற்றிவந்து, தோளில் குடமும் கையில் குவளையுமாகக் கூட்டத்துக்குள் நடந்துகொண்டிருந்தான். தவசிக்கு அவன்மீது அதுவரை எந்தப் புகாரும் இல்லை.

முதல் நாள் வருசநாட்டுக் கோஷ்டி வந்து சேரவில்லை. வழியில் வண்டி அச்சு முறிந்துவிட்டதாம். மேடை வெறுமையாகக் கிடக்க, கூட்டம் சீட்டி அடிக்கத் தொடங்கியது. சின்னக்கருப்பு திரும்பி வாசலைப் பார்த்தார். அந்தப் பார்வை தனக்குத்தான் என்று தவசிக்குத் தெரிந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டான். ஆனால் அந்த நேரம் பார்த்து வாசலில் இரண்டு வண்டிகள் நுகத்தடி சிக்கி நின்றன. மாடுகள் மிரண்டன. கயிற்றை இன்னொரு தொண்டனிடம் கொடுத்து, அவனுக்கு எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று சொல்லி முடிப்பதற்குள், கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல் எழுந்துவிட்டது.

பங்கிராஸ் மேடைக்குக்கூடப் போகவில்லை. நின்ற இடத்தில், குடத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, ஏதோ ஒரு வண்டிப் பாட்டைப் பாடினான். மேட்டில் ஏறும் மாட்டிடம், இந்த ஒரு மேடுதான், இதற்குப் பிறகு எல்லாம் இறக்கம்தான் என்று பொய் சொல்கிற பாட்டு. குரல் பெரிதில்லை. ஆனால் கடைசி வரிசை எட்டிக் கேட்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி வந்தது. சீட்டி நின்றது. குவளையை வாய்க்குக் கொண்டுபோன ஒருவர் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கத்தில் அன்னத்தாய் யாருடைய பிள்ளையையோ தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தவள் தட்டுவதை நிறுத்திவிட்டாள். பிள்ளையும் அழுகையை நிறுத்திவிட்டது. இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டுக் கேட்டு, வருசநாட்டு வண்டி வந்து சேர்ந்தபோது கூட்டத்துக்கு அதில் பெரிய சந்தோஷம் இல்லை.

தவசி கயிற்றைப் பிடித்தபடி அந்தக் குரலைத் தரம் பிரித்தான். அடித்தொண்டையில் ஈரம் இருக்கிறது. மேலே போகும்போது கொஞ்சம் தூள் விழுகிறது. தாளம் மாட்டு நடை. வண்டிக்காரனுக்கு வேறு எது வரும். வாங்க நினைக்கிற சரக்கைக் குறை சொல்வது வியாபாரம். வாங்க முடியாத சரக்கைக் குறை சொல்வதற்கு வேறு பெயர் உண்டு; தவசி அன்றைக்கு அதைத்தான் செய்துகொண்டிருந்தான். அந்த நுகத்தடி மட்டும் சிக்காமல் இருந்திருந்தால் என்று அவன் நினைத்தான். பிறகு, அந்த வண்டியே இராயப்பன்பட்டி வண்டியோ என்றும் நினைத்தான். தேவாரம் என்ற ஊரின் வண்டி அது. விசாரித்துத் தெரிந்துகொண்டபோது ஏமாற்றமாகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள் பங்கிராஸ் எங்கே போனாலும் பின்னால் ஒரு கூட்டம் போயிற்று. தாகம் இல்லாதவர்களும் குவளை நீட்டினார்கள். தவசி வாசலில் நின்றபடியே, யார் யார் இரண்டாம் தடவை நீட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் நாக்கு வறண்டது. அந்தக் குடத்துத் தண்ணீர் வேண்டாம் என்று ரயிலடிக் குழாய்வரை நடந்துபோய்க் குடித்துவிட்டு வந்தான்.

அன்று பிற்பகல்தான் தகராறு முளைத்தது. மறுநாள் நிறைவுக் கச்சேரியில் கடைசிப் பாட்டு யாருக்கு? இந்தப் பக்கத்தில் முதலில் பாடுகிறவன் பாய் விரிக்கிறவன். கடைசியில் பாடுகிறவன்தான் கூட்டத்தை வீட்டுக்கு அனுப்பி வைக்கிறவன். ஊர்ப் பொங்கலிலும் சரி, முளைப்பாரியிலும் சரி, கடைசி இடத்தை ஒரு கோஷ்டி இன்னொரு கோஷ்டிக்கு விட்டுக் கொடுத்ததாக யாரும் சொன்னதில்லை. கம்பத்தார் தாங்கள்தான் ஆள் அதிகம் என்றார்கள். வருசநாட்டார் தாங்கள்தான் அதிக தூரம் வந்தவர்கள் என்றார்கள். ஆண்டிபட்டியார் ஒன்றும் சொல்லாமல் உறுமி மேளத்தை வண்டியில் ஏற்றத் தொடங்கினார்கள்.

சின்னக்கருப்பு எழுந்து நின்று பேச்சை முடித்தார்.

"கடசிப் பாட்டு எந்தக் கோஷ்டிக்கும் கெடையாது. நம்ம தொண்டர்ல ஒருத்தன் பாடுவான். அவன் எந்த ஊருக்கும் ஆளு இல்ல, விழாவுக்கு ஆளு."

மூன்று கோஷ்டியும் உடனே ஒப்புக்கொண்டன. நமக்குக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அடுத்தவனுக்கும் கிடைக்கவில்லை என்னும்போது மனிதருக்கு வருகிற ஒற்றுமை தனி. உறுமி வண்டியிலிருந்து இறங்கியது.

தொண்டரில் யார் என்பது அடுத்த கேள்வி. கமிட்டி ஐந்து பேர்: சின்னக்கருப்பு, எண்ணெய்ச் செக்குக்காரர், ஜவுளிக்கடைக்காரர், நெல் மண்டிக்காரர், காப்பிக்கொட்டை வியாபாரி. இரண்டு பெயர்கள் வந்தன. வாயால் சொன்னால் ஒருவரைப் பகைக்க வேண்டும். வண்டிக்காரனையும் பகைக்க முடியாது, தரகனையும் பகைக்க முடியாது. அதனால் அவர்கள் தங்களுக்குத் தெரிந்த வழியில் இறங்கினார்கள். போடியில் எந்த விலையும் வாயால் பேசப்படுவதில்லை. தரகன் தன் கைமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வருவான். வியாபாரி துண்டுக்கடியில் கையை விட்டு, தரகனின் விரல்களைப் பிடிப்பார். எத்தனை விரல் பிடித்தார் என்பது அந்த இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். பக்கத்தில் நிற்பவன் முகத்தைத்தான் பார்க்கலாம். முகத்தில் ஒன்றும் இருக்காது. தவசிக்கு ஒரு விரல், பங்கிராஸுக்கு இரண்டு விரல் என்று வைத்துக்கொண்டார்கள்.

துண்டைப் பிடிக்க யார்? வேறு தரகர்கள் இருந்தார்கள். அவர்கள் கையில் பிடித்த விரல் பொழுது சாய்வதற்குள் சின்னமனூர்வரை போய்விடும் என்று கமிட்டிக்கே தெரியும். வாய் கெட்டியான ஆள் ஒருவன்தான். துண்டுக்கடியில் ஒரு நாளும் பொய் சொல்லாதவன் என்று ஐந்து பேரும் ஒரே குரலில் சொல்லி, தவசியையே கூப்பிட்டார்கள். போடிக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியம் இது. யாருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. தவசிக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் வந்திருப்பான், யார் தனக்கு, யார் அவனுக்கு என்று அறிந்துகொள்ள இதைவிட நல்ல வழி ஏது?

முதலில் சின்னக்கருப்பு. ஒரு விரல். செக்குக்காரரின் பிசுபிசுத்த கை. ஒரு விரல். பிறகு ஜவுளிக்காரர், நெல்காரர், காப்பிக்காரர். ஐந்து கையும் தவசியின் ஆள்காட்டி விரலைத்தான் பிடித்தன.

பிடியிலும் ரகம் இருக்கிறது. வேண்டும் என்கிறவன் பிடித்தால் விரல் அவன் பக்கம் இழுபடும். உறவு கெடக் கூடாது என்று ஒப்புக்கு விலை சொல்கிறவன் பிடித்தால், தொட்டதும் வழுக்கிக்கொண்டு போய்விடும். இருபது வருஷமாக இதையே சோறாகச் சாப்பிட்டவனுக்கு இது புரியாமல் இல்லை. புரிந்ததை அந்த நிமிஷம் அவன் பக்கத்தில் சேர்க்கவில்லை.

"எப்பிடி?" என்றார் சின்னக்கருப்பு.

"அஞ்சும் ஒண்ணுதான் மொதலாளி."

ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தோஷப் பார்வையாக இருந்திருக்க வேண்டும். ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. நாம் ஒருவர் ஒப்புக்குப் பிடித்தால் என்ன, மற்ற நாலு பேர் சரியாகத்தானே பிடிப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்த மாதிரி இருந்தது. ஆனால் துண்டுக்கடியில் நடந்ததை வெளியே பேசுவது வழக்கமில்லை. தவசிக்குக் கடைசிப் பாட்டு என்று அறிவித்துவிட்டு அவரவர் கடைக்குப் போனார்கள்.

பங்கிராஸ் ஓடிவந்து தவசியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"நல்லதாப் போச்சுண்ணே. நான் மேடைக்குப் போயிட்டா தண்ணிய யாரு பாக்குறது?"

அதில் ஒரு துளிக் கசப்பாவது இருக்கிறதா என்று தவசி தேடிப் பார்த்தான். இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இல்லை.

பொழுது இறங்க, வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் அன்னத்தாயிடம் விஷயத்தைச் சொன்னான். அஞ்சும் எனக்குத்தான் என்பதை இரண்டு தடவை சொன்னான். அவள் குழம்பு ஊற்றிக்கொண்டே, யார் கையைப் பிடித்தார்கள் என்று கேட்டாள். என் கையைத்தான் என்றான். அவள் அகப்பையைச் சட்டிக்குள் வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ஒங்க கையவே பிடிச்சுக்கிட்டு, நீங்க வேணாம், வண்டிக்காரருதான் வேணும்னு எவுக சொல்லுவாக? நாளைக்கு அவுகளுக்கு மூட்டை கை மாற வேணாமா?"

தவசி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். தனக்கே தெரிந்த ஒன்றை இன்னொருவர் வாயால் கேட்பதுபோல எரிச்சல் வேறு எதிலும் இல்லை.

"பங்கிராஸ் துண்டைப் பிடிச்சிருந்தா?"

"அஞ்சும் ரெண்டாத்தான் இருந்திருக்கும். அதுவும் பொய்தான்."

"ஒன் கை எதைப் பிடிக்கும்?"

"எனக்கெதுக்கு இந்த வம்பு. நான் பாயி மடக்குற ஆளு."

அவள் மோர் எடுக்க உள்ளே போய்விட்டாள். பங்கிராஸ் என்று அவள் சொல்லியிருந்தால் ஒரு கோபத்தோடு போயிருக்கும். நீங்கள்தான் என்று சொல்லியிருந்தால், பொய்யானாலும் பாதி நம்பியிருப்பான். இரண்டும் சொல்லாததை என்ன செய்வது? வாங்கவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சரக்கை முகர்ந்துபார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டுப் போகிற வியாபாரி மாதிரி.

மூன்றாம் நாள் வண்டிகள் தோப்புக்கு வெளியே ரயிலடிவரை நின்றன. தூரத்துச் சனங்கள் பொழுதோடு ஊர் திரும்ப வேண்டும் என்று நிறைவுக் கச்சேரியை வெயில் தாழ்ந்ததுமே தொடங்கிவிட்டார்கள். வருசநாட்டுப் பெண்கள் கும்மி கொட்டினார்கள். கம்பத்தார் நடவுப் பாட்டும் ஏற்றப் பாட்டும் பாடினார்கள். ஆண்டிபட்டி உறுமிக்குப் புளிய இலைகள் உதிர்ந்தன என்று பின்னால் பேசிக்கொண்டார்கள்; எப்போதும் உதிர்கிற இலைகள்தான்.

தவசி அன்று எதையும் கேட்கவில்லை. பாடமாட்டேன் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தான். சொன்னால் கடைசிப் பாட்டு நேராகக் குடத்தைத் தேடிப் போய்விடும். பாடலாம் என்றால், ஐந்து பொய்க் கைமேல் ஏறி நின்று பாட வேண்டும். விட்டுக் கொடுக்கவும் முடியவில்லை, வைத்துக்கொண்டு அனுபவிக்கவும் முடியவில்லை. அவன் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மேடையேறி நின்று பார்த்தான். முன்வரிசையில் கமிட்டி ஐவரும் உட்கார்ந்திருந்தார்கள். வேண்டாத சரக்கை வாங்கிப் போட்டுவிட்டு அதைப் பெருமையாகச் சொல்ல வேண்டிய கட்டாயத்தில் இருப்பவர்களின் முகம். அன்னத்தாய் பாய் ஓரத்தில் நின்றாள். பெண்கள் பக்கமும் ஆண்கள் பக்கமும் சேருகிற இடத்தில் பங்கிராஸ் குடத்தோடு நின்று, பாட்டு ஆரம்பிக்கட்டும் என்று ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டத்தில் பாதிப் பேர் மேடையைப் பார்க்காமல் அவனைப் பார்த்தார்கள். அதைப் பார்த்ததும், தவசி மூன்று நாளாக நெஞ்சுக்குள் பாடிப் பாடி வைத்திருந்த பாட்டு எங்கேயோ போய்விட்டது. வேறொன்று வந்தது.

"தண்ணிக் குடஞ் சொமந்து
தாகந் தீக்கும் மச்சானே,
ஊருக்கெல்லாம் ஊத்துனியே
ஒந்தாகம் யாரு தீத்தா?"

தோப்பு முழுக்க ஆரவாரம். எசப்பாட்டு என்பது எல்லோருக்கும் தெரிந்த சட்டம். ஒருவரைச் சுட்டிப் பாட்டால் கேட்டுவிட்டால், அவர் பாட்டால் பதில் சொல்ல வேண்டும். பதில் இல்லையென்றால் கும்பிட்டுவிட்டு ஒதுங்க வேண்டும். கேட்காத மாதிரி நிற்க முடியாது. ஆண்டிபட்டிக்காரர்கள் சண்டைக்கு ஆசைப்பட்டுத் தாங்களாகவே உறுமியை எடுத்தார்கள். தவசிக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. துண்டுக்கடியில் பேசிய விலை போதும். நடுச்சந்தையில் பரப்பிவிட்டான். இனி எடை போடட்டும்.

பங்கிராஸ் சுற்றுமுற்றும் பார்த்தான். குடத்தை இறக்கி வைத்தான். வெட்கப்பட்டான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியான அதே குரலில் பாடினான்.

"ஓடுற வாய்க்காலு
ஒருநாளுங் கேட்டதில்ல,
குடிச்சவுக மொகம் பாத்தே
குளுந்து போச்சு எந்தாகம்."

கூட்டம் கத்தவில்லை. ஒரு பெருமூச்சு மாதிரி ஏதோ ஒன்று வந்தது. கத்தியிருந்தால் தவசிக்கு இவ்வளவு வலித்திருக்காது. அவன் இடைவெளி விடாமல் அடுத்ததைப் போட்டான்.

"வாய்க்காலு வத்திப் போனா
வரப்போரம் நிப்பியோ?
காஞ்ச கொடந் தலையில் வச்சு
காரணமென்ன சொல்லுவியோ?"

பங்கிராஸ் கொஞ்சம் தடுமாறினான். வாய்க்கால் வற்றினால் ஆறு இருக்கிறது, ஆறு வற்றினால் மேலே மலை இருக்கிறது என்று ஏதோ கோர்த்துப் பாடினான். குரல்தான் அதைத் தூக்கி நிறுத்தியது. சொல்லில் பலம் இல்லை. முன்வரிசை நாற்காலியில் காப்பிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்ததைத் தவசி பார்த்தான். அவனுக்கு எதிராளியின் பலவீனம் தெரிந்துவிட்டது. பாடத் தெரிகிறது, மடக்கத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து பேரம் கேட்டு வளர்ந்தவனுக்கு மடக்குவதைத் தவிர வேறென்ன வேலை?

"மலையில வெளஞ்ச காயி
மணக்குதுன்னு சொன்னாக,
மூட்டைக்குள்ள மணமிருக்கா
மூக்குக்குள்ள மணமிருக்கா?"

சிரிப்பு பின்வரிசைவரை போய்த் திரும்பி வந்தது. பங்கிராஸ் தலையைச் சொறிந்துகொண்டான். பிறகு அவனே சிரித்துவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டான்.

"தெரியலண்ணே. நீங்களே வச்சுக்கங்க."

உறுமி முழங்கியது. கடைசிப் பாட்டு தவசியுடையது. ஐந்து பேர் கொடுத்ததல்ல, ஐந்து ஊர்ச் சனம் பார்க்க எடுத்தது. மேடையிலிருந்து இறங்கியதும் சின்னக்கருப்பு அவன் கையைத் துண்டு இல்லாமலே பிடித்தார். பிடியில் இழுப்பு இருந்தது. செக்குக்காரர் முதுகில் தட்டி, வாயின்னா ஒனக்குத்தான் வாயிப்பா என்றார். உண்மையான விலை. தவசி மூன்று நாளில் முதல் தடவையாக வயிறு நிறைய மூச்சு விட்டான். மேடையிலிருந்து வாசல்வரை நடக்கிற தூரத்துக்கு அந்தச் சந்தோஷம் போதுமானதாக இருந்தது.

வாசலுக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்கலாம். அவன் தொண்டன். கூட்டம் கலைகிற நேரத்தில்தான் வாசல் தொண்டனுக்கு வேலை. கயிற்றைப் பிடித்து, ஒவ்வொரு வண்டியாக வெளியே விட்டான். முதலில் தேவாரத்து வண்டி. உள்ளே உட்கார்ந்திருந்த பெண்கள் தவசியைப் பார்த்து, நல்லாக் கேட்டீகண்ணே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வண்டி நாலடி தாண்டியதும் பாட்டுக் கேட்டது.

"குடிச்சவுக மொகம் பாத்தே..."

தற்செயல் என்று நினைத்தான். அடுத்த வண்டி சின்னமனூர். ஓட்டுகிறவன் அதையே பாடிக்கொண்டு வந்தான். அதற்கடுத்தது கோம்பை வண்டி. அதில் ஒரு கிழவர் முதல் வரியைச் சொல்ல, பின்னால் தொங்கிக்கொண்டு வந்த இளவட்டங்கள் அடுத்த வரியை எடுத்தார்கள். வருசநாட்டுப் பெண்கள் அதற்குள் அதைக் கும்மித் தாளத்துக்கு மாற்றியிருந்தார்கள். செக்குக்காரரின் குதிரை வண்டி வந்தது. அவர் தவசியைப் பார்த்ததும் கையைத் தூக்கி, வாயின்னா ஒனக்குத்தான் என்று மறுபடியும் சொன்னார். வண்டி திரும்பும்போது அவரே தொடையில் தட்டி முணுமுணுத்துக்கொண்டு போனார், குளுந்து போச்சு எந்தாகம் என்று. காதைப் பொத்திக்கொள்ளலாம் என்றால் இரண்டு கையிலும் கயிறு.

பாய்களை மடக்கிச் சுமந்துகொண்டு அன்னத்தாய் வந்து பக்கத்தில் நின்றாள். போகிற வண்டிகளை அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தவசி அவளைப் பார்க்காமலே கேட்டான்.

"செயிச்சது யாரு?"

"நீங்கதான். அதுல என்ன சந்தேகம்?"

"அப்ப இவுக எதைப் பாடுறாக?"

அவள் பாய்க்கட்டை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

"ஒங்க பாட்டு கேக்குறதுக்கு நல்லா இருந்துச்சு. அது, பாடிக்கிட்டே போறதுக்கு வாகா இருக்கு. வேறென்ன."

வேறென்ன என்று அவள் லேசாகச் சொல்லிவிட்டாள். தவசிக்குக் கயிறு உள்ளங்கையை அறுத்தது. அவன் கேட்டிருக்காவிட்டால் அந்தப் பாட்டே பிறந்திருக்காது. கேள்வியைக் கொடுத்தது அவன், மேடையைக் கொடுத்தது அவன், உறுமி முழங்க வைத்தது அவன். முதல் போட்டவன் ஒருவன். லாபம் மூன்று வண்டி வைத்திருக்கிறவன் வீட்டுக்குப் போகிறது.

எல்லா வண்டியும் போன பிறகு பீப்பாய் வண்டி வந்தது. பங்கிராஸ் முன்னால் நடந்து, மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தான். அவனுடைய ஊர்க்காரர்கள் பின்னால் வந்தார்கள். தவசியைக் கண்டதும் மாட்டை நிறுத்தினான்.

"அண்ணே, மூக்கா மூட்டையான்னு கடசியா ஒண்ணு கேட்டீகளே. எங்க ஊருல போயிச் சொல்லணும். அந்த மாதிரி யாருக்கு வரும்? கூட வந்தவுக எல்லாரையும் கேட்டுப் பாத்தேன், ஒருத்தனுக்கும் முழுசா நெனப்பு இல்ல. ஒரு தடவ சொல்லுங்கண்ணே, மனசுல வச்சுக்கிறேன்."

ஒருத்தனுக்கும் நினைப்பு இல்லை என்பதை அவன் சிரித்த முகத்தோடுதான் சொன்னான். தவசி அவன் முகத்தைப் பார்த்தான். அந்தப் பாட்டின் நாலு வரியும் ஒரு எழுத்துப் பிசகாமல் தவசியின் நாக்கில் நின்றன. இவன் வாயில் கொடுத்தால் போதும். நாளைக்குக் கம்பம்வரை போகும், குமுளி மேட்டில் ஏறும், மலையாளத்துக்காரர்கள்கூடப் பாடுவார்கள். ஆனால் இவன் குரலில் போகும். இவன் பாட்டாகப் போகும்.

"நின்ன வாக்குல வந்ததுப்பா. எனக்கும் மறந்துபோச்சு."

பங்கிராஸ் அதை நம்பினான். நல்ல பாட்டுப் போச்சே என்று உண்மையாகவே வருத்தப்பட்டான். எப்பவாவது நெனப்பு வந்தா இந்தப் பக்கம் வர்ற எங்க வண்டிக்காரன்கிட்டயாவது சொல்லி விடுங்கண்ணே என்று கேட்டுக்கொண்டான். அன்னத்தாயிடமும் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, மாட்டைத் தட்டினான். பீப்பாய் காலியாக உருண்டு சத்தம் போட, வண்டி கம்பம் சாலையில் இறங்கியது.

தவசி கயிற்றை மரத்திலிருந்து அவிழ்த்து முழங்கையில் சுற்றத் தொடங்கினான். சுற்றுகிற தாளத்துக்கு அவன் வாய் தன்னை அறியாமல் எதையோ முணுமுணுத்தது. அன்னத்தாய் கொஞ்சம் சாய்ந்து காது கொடுத்துக் கேட்டாள்: குளுந்து போச்சு எந்தாகம். அப்புறம் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, பாய்க்கட்டோடு முன்னால் வேகமாக நடந்தாள்.